கோட்டையை ஏலம் விட்ட பீரங்கி அண்ணை

மன்னார்க் கோட்டையைப் பிடித்த பெருமை போர்த்துக்கேயருக்கா, ஒல்லாந்தருக்கா, ஆங்கிலேயருக்கா என்று யாராவது கேட்டால், மூவருக்கும் இல்லை என்றுதான் நான் சொல்வேன். அவர்கள் கட்டினார்கள், பிடித்தார்கள், பறிகொடுத்தார்கள். மிஞ்சிப்போனால் ஆளுக்கு ஒரு தடவை. எங்கள் பீரங்கி அண்ணையோ அதே கோட்டையைக் கிழமைக்கு மூன்று நாலு தடவை பிடித்தார். பிடித்ததை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலை பிளேன்டீ குடித்த கையோடு மறுபடியும் பிடிக்க வந்தார். ஒரு சொட்டு இரத்தம் சிந்தவில்லை. ஒரேயொரு தடவை, பனைமட்டைக் கருக்குக் கீறி, ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியருக்கு விரலில் பிளாஸ்டர் ஒட்ட வேண்டி வந்தது. அதையும் போர்க்காயம் என்று சொல்லி அவரைக் கைதட்டி அனுப்பி வைத்தோம்.

அண்ணைக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருந்தது. அது அவருடைய அடையாள அட்டையில் மட்டும் குடியிருந்தது. ஊருக்கு அவர் பீரங்கி. காரணம் தொண்டை. ஒரு காலத்தில் பள்ளிமுனைக் கரையில் மீன் ஏலம் கூறியவர் அவர். ஒரு கூடை பாரை மீனை அவர் அங்கே நின்று கூறினால் தலைமன்னாரில் நிற்பவன் விலை கேட்பான் என்று சொல்வார்கள். இந்த மிகைப்படுத்தல்களை நான் நம்புவதில்லை. பாதி வழியில் இருக்கிற பேசாலை வரைக்கும் கேட்டிருக்கலாம்.

பிறகு கரைக்குக் குளிரூட்டிய லொறிகள் வந்தன. விலை கைத்தொலைபேசியில் வந்தது. வள்ளத்திலிருந்து இறங்கிய மீன், ஒருவர் வாயிலும் விழாமல் நேரே ஐஸ் பெட்டிக்குள் போயிற்று. அண்ணைக்கு ஏலம் போனது பெரிய கவலையில்லை. மகன்மார் இரண்டு பேரும் உழைத்தார்கள், வீட்டில் அடுப்பு எரிந்தது. சுற்றி நின்ற கூட்டம் போனதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

“கூட்டமில்லாத வாய் உப்புப் போடாத கருவாடு மாதிரித் தம்பி. புழுத்துப் போடும்” என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

நான் மன்னாரில் வான் ஓட்டுகிறவன். கொழும்புக் கம்பனி ஒன்று பழைய கோட்டைகளையும் போர்க்களங்களையும் பார்க்க வருகிறவர்களைப் பஸ்சில் கொண்டு வரும். கோட்டை, அரிப்புக் கிராமம், தலைமன்னார் என்று தீவுக்குள்ளும் கரையோரத்திலும் அவர்களைச் சுற்றிக் காட்டுவது என் வான். ஆரம்பத்தில் கம்பனி ஒரு வழிகாட்டியையும் கூடவே அனுப்பியது. பட்டதாரிப் பிள்ளை, நல்ல பிள்ளை. கோட்டை மதிலில் நின்று கைத்தொலைபேசியைப் பார்த்து மெல்லிய குரலில் வாசிப்பார். அவர் முற்றுகைக்கு வந்து சேருவதற்குள் பாதிப் பேர் நின்றபடி தூங்கிவிடுவார்கள்.

அப்படியொரு காலையில்தான் அகழிக்கரையில் சும்மா குந்தியிருந்த அண்ணை என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, உந்தக் கூட்டம் ஆற்ர?”

“சுற்றுலாக் கூட்டம் அண்ணை. கோட்டை பாக்க வந்தவை.”

“அதுக்கேன் செத்தவீட்டில நிக்கிற மாதிரி நிக்கினம்?”

நான் பதில் சொல்வதற்குள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு படி ஏறிவிட்டார். கொத்தளத்தின் உச்சியில் நின்று கடலைப் பார்த்து ஒரு தடவை மூச்சை இழுத்தார். அடுத்த கணம், “டமார்!”

காகம் எல்லாம் கிளம்பியது. இரண்டு அம்மாமார் அப்படியே தரையில் இருந்துவிட்டார்கள். பட்டதாரிப் பிள்ளையின் கைத்தொலைபேசி அகழிக்குள் போய் விழுந்தது. அதோடு கோட்டையின் வரலாறு முழுவதும் தண்ணீருக்குள் போய்விட்டது.

“இப்பிடித்தான் முதல் குண்டு வந்து விழுந்தது!” என்றார் அண்ணை. “இப்ப எல்லாரும் முழிச்சாச்சோ? அப்ப துவங்குவம்.”

தூங்கி வழிந்த கூட்டம் அன்றைக்குப் பின்னேரம் வரை அவரை விடவில்லை. பட்டதாரிப் பிள்ளைக்குக் கொஞ்ச நாளில் வங்கியில் வேலை கிடைத்தது. அங்கே குண்டு விழுவது குறைவு என்று சந்தோசமாகப் போனார். அவர் இருந்த இடத்தில், என் வானின் முன் கதிரையில், பீரங்கி அண்ணை ஏறி உட்கார்ந்தார்.

அவருடைய முறையே வேறு. வானில் இடப்பக்கம் இருந்தவர்கள் போர்த்துக்கேயர், வலப்பக்கம் இருந்தவர்கள் ஒல்லாந்தர். இதில் மாற்றம் கிடையாது. “நான் அவரோட இருக்கப்போறன்” என்று ஒரு பெண் புருசனிடம் போனால், “பிள்ளை, எதிரியின்ர பாசறைக்கை போகாதையுங்கோ” என்று மறித்துவிடுவார். கருக்குச் சீவிய பனைமட்டைகள் ஒரு கட்டு வானின் பின்னுக்கு எப்போதும் கிடக்கும். அதுதான் வாள். குடை கொண்டு வந்தவர் துப்பாக்கிப் படை. கீழே நிற்பவர்கள் அகழியைக் கடந்து வாசலுக்கு வரவேண்டும், உள்ளே நிற்பவர்கள் விடக்கூடாது. அண்ணை மேலே நின்று இரண்டு பக்கத்துக்கும் பீரங்கி அடிப்பார்.

சண்டை முற்றி, வாசலில் தள்ளுமுள்ளுப்பட்டு, யார் வெல்லப் போகிறார் என்று எல்லோரும் வாயைப் பிளந்து நிற்கும் நேரம் பார்த்து, அண்ணையின் பழைய தொழில் தலையைத் தூக்கும்.

“கோட்டை ஒருதரம்! கோட்டை ரெண்டுதரம்!”

அவ்வளவுதான், அதற்குமேல் ஒரு சொல் வராது. வாயை மூடிக்கொண்டு படியால் இறங்குவார். “வாங்கோ, சாப்பிடுவம். மூண்டாந்தரம் சாப்பாட்டுக்குப் பிறகு.”

கூட்டம் கெஞ்சும். சிலர் கோபிப்பார்கள். ஒன்றும் பலிக்காது. இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். நானும் அன்று பக்கத்தில்தான் நின்றேன். முருங்கன் பக்கத்து அலுவலகம் ஒன்றிலிருந்து கந்தோர்க்காரர் சுற்றுலா வந்திருந்தார்கள். அண்ணை அப்போது புதிசு. சாப்பாட்டுக்கு முதலே மூன்றாம் தரத்தைக் கூறி, ஒல்லாந்தர் வென்றதை அறிவித்துவிட்டார். கந்தோரின் பெரியவர் வானில் இடப்பக்கம் இருந்தவர், அதாவது போர்த்துக்கேயர். அவருடைய எழுதுவினைஞர்மார், பியோன் எல்லோரும் வலப்பக்கம். பியோன் பனைமட்டையோடு வந்து பெரியவரைச் சிறைபிடித்தார்.

சாப்பாடு எருக்கலம்பிட்டி ராத்தாவின் வீட்டில். ராத்தா என்று நாங்கள் கூப்பிடும் அந்த அம்மா வைக்கிற நண்டுக் கறிக்காகவே சிலர் வரலாறு படிக்க வருவதுண்டு. பெரியவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, “எனக்குப் பசியில்லை” என்றார். பெரியவர் கை நனைக்காமல் மற்றவர்கள் எப்படிச் சாப்பிடுவது? முழுக் கந்தோரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தது. நண்டு ஆறியது. சோறு விறைத்தது. கடைசியில் பியோன் எழுந்து போய், “சேர், நான் வேணுமெண்டா இப்ப சரணடையிறன்” என்று கைகளைத் தூக்கிய பிறகுதான் பெரியவர் ஒரு நண்டுக் காலை எடுத்தார்.

“தோத்தவனுக்குச் சோறு இறங்காது” என்றார் அண்ணை வழியில். “இனி ஒருத்தனையும் பசியோட தோக்க விடமாட்டன்.”

அதற்குப் பிறகு வயிறு நிறைந்து ஏவறை விடுகிற நேரத்தில்தான் எங்கள் கோட்டையில் தோல்வி வந்தது. அப்படித் தோற்ற யாரும் கவலைப்பட்டு நான் கண்டதில்லை.

கழுதையைப் பற்றியும் சொல்லவேண்டும். மன்னாரில் மனிதரை விடக் கழுதை அதிகம் என்று வெளியூர்க்காரர் சொல்வது சுத்தப் பொய். சமமாக இருக்கும். ஒருநாள் சாப்பாட்டுக்காகச் சண்டையை நிறுத்தச் சொல்லிப் போர்த்துக்கேயர் வெள்ளைக்கொடி காட்டுகிற நேரம், கொடியாகப் பிடித்திருந்த அண்ணையின் சால்வையை ஒரு கழுதை பின்னால் வந்து சப்பத் தொடங்கியது. ஒல்லாந்தர் படை இழுக்க, கழுதை இழுக்க, சால்வை இரண்டாயிற்று. அண்ணை அசரவில்லை. “சமாதானம் முறிஞ்சுது! திரும்பச் சண்டை!” என்று ஒரு டமார் போட்டார். மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குப் போயிற்று. ராத்தா என்னைத்தான் ஏசினார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒரு விசயத்தை மறைக்கக்கூடாது. அண்ணை சொன்ன வரலாற்றில் பாதிக்கு மேல் பிழை. போர்த்துக்கேயத் தளபதிக்கு ஒரு மாமியாரை உண்டாக்கி, அவர் கோட்டைக்குள் இருந்து ஒல்லாந்தருக்கு வழி காட்டியதாகச் சொல்வார். மதிலில் காகம் கொத்தின பொந்தைக் காட்டி, குண்டு துளைத்தது என்பார். ஆண்டுகளை ஏல விலை மாதிரி கூட்டிக் குறைப்பார். வெளிநாட்டவர் வந்தால் அவருடைய தமிழை நான்தான் ஆங்கிலத்தில் சொல்வேன். என் வாயால் போகும்போது மாமியாரைக் கழித்து, ஆண்டைத் திருத்தி, ஓரளவு ஒழுங்கான வரலாறாக்கி அனுப்புவேன். அவர் கையை வீசி அரைமணி நேரம் சொன்னதை நான் நாலு வரியில் முடிக்கும்போது என்னைச் சந்தேகத்தோடு பார்ப்பார்.

“மாமியார் வந்தவவோ?” என்று கேட்பார்.

“வந்தவ அண்ணை” என்பேன்.

ஒரு தடவை அவர் பேச்சு நின்றதையும் நான் பார்த்தேன். கனடாவிலிருந்து வந்த ஒரு பிள்ளை கேட்டது. “அங்கிள், இதெல்லாம் பழைய சண்டை. எங்கட சண்டை நடந்த இடங்களையும் காட்டுவீங்களோ?”

அண்ணை தீவை விட்டுப் போகிற பாலத்தின் பக்கம் பார்த்தார். “பிள்ளை, இந்தச் சண்டையில செத்தவையில ஒராளையும் எனக்குத் தெரியாது. அதாலதான் டமார் எண்டு கத்த வருது. மற்றதில எனக்கு எல்லாரையும் தெரியும்.” அதோடு குரலை மாற்றி, “வாங்கோ வாங்கோ, நண்டு ஆறுது” என்று படியிறங்கினார். அந்தப் பிள்ளை அவருக்குப் பின்னால் போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டது. எனக்கு அன்றைக்கு வானைக் கிளப்புகிற திறப்பைத் தேடக் கொஞ்ச நேரம் எடுத்தது. அது என் சட்டைப்பையில்தான் இருந்தது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கம்பனிக்குப் புத்தி மாறியது. பயணிகள் இரவு தங்காத ஊருக்கு இனிப் பஸ் அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அவர்களுடைய கணக்கில் மன்னார் அரைநாள் ஊர். காலை வந்து, கோட்டை பார்த்து, நண்டு தின்று, பின்னேரம் யாழ்ப்பாணம் போகிற ஊர். கூட்டத்தைக் கூட்டிவரும் கொழும்பு மிஸ் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். “வாற கூட்டம் அங்க ஒரு இரவு தங்கினா மன்னாரை வச்சிருப்பம். தங்காட்டி, அடுத்த மாதத்திலிருந்து பஸ் மதவாச்சியில உங்கட பக்கம் திரும்பாது.”

நான் இதை அண்ணையிடம் சொன்னேன். எனக்கு முருங்கன் ஆஸ்பத்திரி ஓட்டம், கல்யாண ஓட்டம் என்று ஏதோ கிடைக்கும். அவருக்கு? பஸ் நின்றால் கூட்டம் நிற்கும். மறுபடியும் வெறும் கரை, ஐஸ் பெட்டி, புழுக்கிற வாய். அவர் பனைமட்டைகளை எடுத்து ஒவ்வொன்றாகக் கருக்குச் சீவத் தொடங்கினார். ஏற்கெனவே சீவின மட்டைகள்தான்.

வந்த கூட்டத்தைப் பார்த்ததும் எனக்கு அரை உயிர் போயிற்று. ஐரோப்பாவில் பழைய போர்க்களங்களைப் பார்ப்பதற்கென்றே சங்கம் வைத்திருப்பவர்கள். பல் வைத்தியர், எஞ்சினியர், தபாலதிபர் என்று எல்லோரும் ஓய்வுபெற்றவர்கள். வாழ்நாளில் கடித்த நுளம்பைக்கூட அடித்திருக்கமாட்டார்கள். ஆனால் முற்றுகை என்றால் கண் மின்னுகிறது. அதில் இரண்டு பெரிய புள்ளிகள். ஒருவர் நெட்டை, கையில் சுருட்டிய வரைபடம். மற்றவர் குள்ளம், தலையில் கழற்றாத தொப்பி. இரண்டு பேரும் இந்தக் கரையின் சண்டைகளைப் பற்றித் தடித்த புத்தகம் எழுதியவர்களாம். அதனாலேயே இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று மிஸ் காதுக்குள் சொன்னார்.

அண்ணை வழமைபோல வானுக்குள் எழுந்து நின்றார். “இந்தப் பக்கம் போத்துக்கீசர், அந்தப் பக்கம் ஒல்லாந்தர். ஆர் வெண்டது எண்டு இப்ப சொல்லமாட்டன்.”

நான் மொழிபெயர்த்தேன். நெட்டையர் சிரித்தபடி சொன்னார், தங்களுக்கு அது தெரியும், ஒல்லாந்தர்தான் வென்றது என்று. பின்னால் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள்.

அண்ணை மெல்லக் கதிரையில் இருந்தார். அவருடைய ஒரே ஆயுதம் போய்விட்டது. மூன்றாம் தரத்தை முதலே தெரிந்துகொண்டு வந்தவனுக்கு என்னத்தை ஏலம் கூறுவது? கோட்டையில் அவர் ஒரு டமாரும் அடிக்கவில்லை. பனைமட்டைக் கட்டு அவிழ்க்கப்படவேயில்லை. அவர்கள் தாங்களாகவே புத்தகத்தைப் பார்த்தார்கள், கல்லைப் பார்த்தார்கள், படம் பிடித்தார்கள். நெட்டையர் ஒரு கொத்தளத்தில், தொப்பியர் மறு கொத்தளத்தில். மிஸ் மணிக்கூட்டைப் பார்த்து, நாலு மணிக்குப் பஸ் வெளிக்கிட வேண்டும் என்றார்.

ராத்தா வீட்டிலும் அதே அமைதி. அண்ணை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“என்ன தம்பி, உங்கட அண்ணன் வாயத் தொறக்காம இருக்காரு?” என்று ராத்தா என்னிடம் கேட்டார். “கறி சரியில்லையா? இல்லாட்டி வெடிமருந்து நனைஞ்சு போச்சா?”

“ராத்தா, அவருக்கு இண்டைக்குத் தோல்வி” என்றேன்.

“அப்ப இன்னொரு நண்டு வைங்க” என்று ராத்தாவே கொண்டுவந்து அவருடைய கோப்பையில் போட்டார். அண்ணை அதை முழுவதும் சாப்பிட்டார். கையைக் கழுவினார். துவாயால் வாயைத் துடைத்தார். பிறகு எழுந்து நின்று, பேசாலைக்குக் கேட்கிற குரலில் சொன்னார்:

“இப்பத்தான் எனக்கு ஞாபகம் வருது. ஒல்லாந்தர் இஞ்ச கப்பலிலயே வரேல்லை. திருக்கேதீஸ்வரப் பக்கமிருந்து கழுதையில வந்தவை!”

வழமைபோலக் கழுதைகளைக் கழித்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அண்ணை என் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினார். “சொன்னதைச் சொல்லடா றைவர்.”

சொன்னேன். கழுதையோடு சொன்னேன்.

உடனே நெட்டையரும் தொப்பியரும் ஒரே நேரத்தில் எழும்பினார்கள். கழுதையா! கப்பல், கப்பல் என்றார் நெட்டையர். ஆமாம், கப்பல்தான் என்றார் தொப்பியர். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போன முதல் விசயம் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் கப்பல்கள் எந்தப் பக்கம் நின்றன என்று தொப்பியர் விரலால் மேசையில் காட்ட, நெட்டையர் “இல்லை” என்று தன் வரைபடத்தை விரித்தார். விரித்த வரைபடத்தின்மேல் தொப்பியர் நண்டுக் கோதுகளைக் கப்பல்களாக அடுக்கினார். நெட்டையர் அதைத் தூக்கி வேறிடத்தில் வைத்தார்.

அண்ணை ஒன்றும் அறியாத பிள்ளைபோல முகத்தை வைத்துக்கொண்டு, “அப்ப அந்தத் தளபதியின்ர மாமியார் எந்த வாசலால வந்தவ?” என்றார். அதையும் சொன்னேன். இனி எதைக் கழித்து என்ன?

பல் வைத்தியர் நெட்டையர் பக்கம் சேர்ந்தார். தபாலதிபர் தொப்பியர் பக்கம். கொஞ்ச நேரத்தில் முழுச் சங்கமும் இரண்டாகப் பிளந்து நின்றது. இதை இங்கே இருந்து தீர்க்கமுடியாது, கோட்டைக்குத் திரும்பிப் போகவேண்டும் என்று இரு கட்சியும் என் வானில் ஏறியது. சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. நெட்டையர் ஆட்கள் தாமாகவே இடப்பக்கம் இருந்தார்கள், தொப்பியர் ஆட்கள் வலப்பக்கம்.

கோட்டையில் அண்ணை பனைமட்டைக் கட்டை அவிழ்த்தார். அதன்பிறகு நடந்ததை நான் எழுதினால் நீங்கள் நம்பமாட்டீர்கள். எழுபது வயது எஞ்சினியர் ஒருவர் அகழிக்கரையில் தவழ்ந்தார். மேலே அண்ணை இரண்டு பக்கத்துக்கும் வாரி வழங்கினார்: டமார்! டமார்! ஒவ்வொரு டமாருக்கும் இடையில் ஒரு பிழை. அந்தப் பிழையைத் திருத்த இரண்டு பேர் மேலே ஓடுவார்கள், ஓடினவர்கள் அங்கே நின்று தங்களுக்குள் பிடுங்குப்படுவார்கள்.

“நாலு மணி தாண்டிட்டுது!” என்று மிஸ் கத்தினார்.

“இரவைக்கு இருந்து, காலமை தண்ணி இறங்கின வத்துக்கை கடலைப் பாக்காம இதைத் தீர்க்கேலாதாம் மிஸ்” என்று நான் மொழிபெயர்த்தேன். இந்தத் தடவை ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தொப்பியர் சொன்னது அதுதான். நெட்டையர் அதை ஆதரித்தார்.

அன்றிரவு அவர்கள் மன்னாரில் தங்கினார்கள். மறுநாளும் போகவில்லை. வத்தில் கடலைப் பார்த்தும் ஒன்றும் தீரவில்லை என்பதால் அரிப்புக்கும் கொண்டுபோகச் சொன்னார்கள். பஸ் ஏறும்போது நெட்டையரும் தொப்பியரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில், இன்னும் பிடுங்குப்பட்டபடி இருந்தார்கள். மிஸ் பிறகு அனுப்பிய செய்தியை நான் வைத்திருக்கிறேன்: வழிகாட்டி சொல்லும் தகவல்கள் மிக மோசம். ஆகவே மன்னாருக்கு இனி இரண்டு நாள் ஒதுக்கப்படும்.

பஸ்சை அனுப்பிவிட்டுத் திரும்பி வரும் வழியில் கேட்டேன். “அண்ணை, இது எப்பிடி உங்களுக்குத் தோன்றினது?”

“சரியாச் சொன்னா மனுசர் கேட்டுப்போட்டுப் போயிடுவினம் தம்பி. பிழையாச் சொன்னா நிண்டு கதைப்பினம். ஏலத்திலயும் அப்பிடித்தான். சின்னச் சூடை மீனைப் பாரை எண்டு கூறிப் பார். ஒருத்தனும் கரையை விட்டுப் போகான்.”

எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. “அப்ப இவ்வளவு காலமும் வேணுமெண்டுதான் பிழை விட்டனீங்களோ?”

அண்ணை என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “இல்லையடா. அதெல்லாம் உண்மையிலயே தெரியாமச் சொன்னது. அண்டைக்குக் கழுதை எண்டது மட்டும்தான் தெரிஞ்சு சொன்னனான்.”

இப்போது அண்ணைக்கு முழங்கால் சரியில்லை. கோட்டைப் படி ஏறமுடியாது. வானுக்குள் ஏறி இறங்குவதும் கஷ்டம். பள்ளிமுனையில், பெருக்கமரத்துக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளி அவருடைய வீடு. பத்துப் பேர் கைகோத்தாலும் சுற்றிப் பிடிக்க ஏலாத அந்த மரத்தைப் பார்க்க எல்லாச் சுற்றுலாக்காரரும் வருவார்கள். என் வானும் அங்கே நிற்கும். கோட்டையில் இப்போது நான்தான் இரண்டு பக்கத்துக்கும் குண்டு போடுகிறேன். என் டமாருக்குக் காகம் ஒன்றும் எழும்புவதில்லை.

போன மாதம் அண்ணையின் மனைவி எனக்குத் தொலைபேசி எடுத்தார். “தம்பி, மனுசன் முந்தநாள் தொடக்கம் வாய் திறக்கேல்லை. டொக்டர் ஒண்டுமில்லை எண்டுறார். நேரமிருந்தா உங்கட ஆக்களையும் கூட்டிக்கொண்டு வந்து ரெண்டு பிழை விட்டுட்டுப் போங்கோவன்.”

அன்றைக்கு என்னிடம் கூட்டம் ஒன்று இருந்தது. பெருக்கமரத்தடியில் அவர்களை இறக்கினேன். அண்ணையின் வீட்டு வாசல் படலையைப் பார்த்து நின்று, என்னால் முடிந்தளவு உரத்துச் சொன்னேன்: “இந்த மரத்தை நட்டது போர்த்துக்கேயத் தளபதி! தன்ர மாமியாரின்ர ஞாபகமா!”

ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தடவை சொல்ல மூச்செடுத்தேன்.

“டேய் றைவர்!” படலைக்கு உள்ளேயிருந்து வந்தது குரல். மரத்திலிருந்த காகம் எல்லாம் கிளம்பியது. “ஆரடா உனக்குச் சொன்னது? அது அரபியள் கொண்டந்த மரமடா! மாமியார் கோட்டையை விட்டு வெளியிலயே வரேல்லை!”

கூட்டம் குரல் வந்த பக்கம் திரும்பியது. அண்ணையின் மனைவி ஏற்கெனவே முற்றத்தில் கதிரைகளைப் போட்டு வைத்திருந்தார். அண்ணை இருந்த இடத்தில் இருந்தபடியே கோட்டையைக் கட்டி, முற்றுகையிட்டு, வாசல் வரை கொண்டுவந்தார். கைத்தடிதான் பீரங்கி. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள்.

“கோட்டை ஒருதரம்! கோட்டை ரெண்டுதரம்!”

நிறுத்திவிட்டுக் கைத்தடியைக் கீழே வைத்தார். “மிச்சம் அடுத்த முறை.”

“அண்ணை, இவைக்கு அடுத்த முறை இல்லை” என்றேன். “நாளைக்குப் பிளேன் ஏறீனம்.”

“அவை போகட்டும்” என்றார். “நீ வருவாய்தானே?”

வருவேன் என்றேன். வராமல் எங்கே போவது? அந்த மரத்தைப் பற்றி நான் விட வேண்டிய பிழைகள் இன்னும் எவ்வளவோ மிச்சம் இருக்கின்றன.